துவக்குக்கு எதிரே வைத்த கூறு

எங்கள் மலையில் காட்டுப்பன்றி விழுந்தால் இறைச்சியைக் கூறு போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோலுரித்து வெட்டுவது ஆண்கள் வேலை. கூறு போடுவது நான். இந்தப் பதவியை நானாகக் கேட்டு வாங்கவில்லை. கல்யாணமாகி அந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்த புதிதில், ஒரு தொடை எலும்புக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் போனார்கள். நான் குறுக்கே போய், குவித்திருந்ததை எல்லாம் கலைத்துவிட்டு, சாக்கை விரித்து மறுபடியும் பங்கு வைத்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு, எலும்பு, சதை. தராசெல்லாம் கிடையாது, கண்தான். அன்றைக்கு மூடின வாய்களை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

நான் அதிகம் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதைக்கூட மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கூறு போடுவதில் என்னை ஒருத்தர் குறை சொன்னது கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம். லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்ட உருளைக்கிழங்குப் பாத்தி. மலைக்குக் கீழே சிங்களக் கிராமத்து வயல். நடுவில் ஒரு துண்டுக் காடு. பன்றிகளுக்கு அந்தக் காடுதான் வீடு. மேலே வந்தால் எங்கள் கிழங்கைத் தோண்டும், கீழே போனால் அவர்கள் நெல்லை உழக்கும். அதனால் வேட்டை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான். காட்டைக் கலைக்கும் ஆட்களும் நாய்களும் லயத்திலிருந்து போவார்கள். சுடுவதற்குத் துவக்கு கிராமத்திலிருந்து வரும். துவக்குக்கு ஒரு கூறு, சுட்டவருக்கு ஒரு கூறு, நாய்களுக்கு ஒரு கூறு, கலைத்த ஆட்களுக்கு ஆளுக்கொன்று. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். நான் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பேன். அவர் பார்க்காமலே பெயர் சொல்லுவார். கிராமமும் லயமும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தன என்று சொல்ல மாட்டேன். முகம் கொடுத்துப் பேசாத காலமும் வந்தது. ஆனால் கூறு போடும் சாக்கைச் சுற்றி யாரும் முறைத்துக்கொண்டதில்லை.

துவக்குக்காரர் ஒரு வயதான சிங்கள ஐயா. நாங்கள் மாத்தயா என்போம். அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். அது ரெட்டைக்குழல் துவக்கு. பழைய துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மாத்தயாவின் தகப்பனாருக்கு விற்றுவிட்டுப் போனதாம். இரும்பில் ஒரு பக்கம் வாத்து பறக்கிற மாதிரி செதுக்கியிருக்கும். கட்டையின் கழுத்தில் ஒரு வெடிப்பு. அதைப் பித்தளைக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருப்பார். அந்தத் துவக்கை அவர் மகனிடம்கூட எப்போதாவதுதான் கொடுப்பார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் துவக்கின் மேல் ஒரு கண். இளந்தாரியாக இருந்தபோது துரைமார் காடை சுடப் போனால் இவர்தான் பின்னால் துவக்கைத் தூக்கிக்கொண்டு போவார். தூக்கினதோடு சரி, ஒரு வெடி வைக்க விட்டதில்லை. அந்த ஏக்கம் ஆளை விடவில்லை. அதுவரை நாடில்லாமல் இருந்த எங்களுக்கு எழுபதுகளின் கடைசியில் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. மற்றவர்கள் எல்லாம் ஓட்டுப் போடலாம், காணி கேட்கலாம் என்று பேசினார்கள். இவர் பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “இனி எனக்கும் துவக்கு லைசென்ஸ் குடுப்பாங்க புள்ள” என்றார்.

அடுத்த வருடமே மாத்தயா ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்.

“நங்கி, நான் இனி சுடறது இல்ல. துவக்க விக்கறது.”

“ஏன் மாத்தயா?”

“கண்ணு போச்சி. போன மாசம் பன்னின்னு நெனச்சி ஒரு கட்டைக்குச் சுட்டதுதானே. நாய்ங்க எல்லாம் என்னயப் பாத்துச் சிரிச்சது.”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்துவிட்டார். தன்னிடம் ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலே உளறினார். மாத்தயா சிரித்தார். டவுனில் ஒரு ஓட்டல் முதலாளி இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கேட்கிறாராம். மாத்தயாவின் மகன் அவரிடம் பேசிவிட்டும் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் முகம் வாடிப்போயிற்று.

மாத்தயா என் பக்கம் திரும்பினார். “நானும் சொல்றது இல்ல, இவரும் சொல்றது இல்ல. நீங்க சொல்லுங்க நங்கி. இத்தன வருசம் நீங்க வச்ச கூறத்தான் நான் தின்னது. இதுக்கும் நீங்களே நாயமா ஒரு வெலயப் போடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கப் போகிறவர் என் புருஷன். விலையைக் குறைத்துச் சொன்னால், வீட்டுக்காரனுக்குச் சாய்ந்துவிட்டாள் என்று கிராமம் முழுக்கப் பேசும். அதற்குப் பிறகு நான் வைக்கிற கூறை எவர் நம்பி எடுப்பார்? கூட்டிச் சொன்னால் துவக்கு டவுனுக்குப் போய்விடும், இந்த மனிதர் ஒரு மாதம் சோறு தின்ன மாட்டார். “ஞாயித்துக்கிழம துவக்கக் கொண்டாங்க மாத்தயா, பாத்துச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே உபசாரம். கேட்காமலே விறகு பிளந்து அடுக்கினார். பீலியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தார். ஒரு நாள் தலை வலிக்கிறதா என்றுகூடக் கேட்டார்.

“தண்ணி தூக்குனா வெல கொறையாதுங்க” என்றேன்.

“நான் அதுக்கா தூக்குறேன்? ஒன் இடுப்பு வலிக்குமேன்னு தூக்குறேன்.”

“இத்தன வருசமா வலிக்காத இடுப்பு!”

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் திருவிழாக் கூட்டம். மாத்தயா வந்தார். மகனும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மகனுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளைதான், ஆனால் இந்த ஏற்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆண்கள் துவக்கை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். குழலுக்குள் ஒரு கண்ணை வைத்தார்கள். கட்டையைத் தட்டினார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

எனக்குத் துவக்கைப் பற்றித் தெரியாது. இறைச்சியைப் பற்றித் தெரியும். எத்தனையோ பன்றியிலிருந்து ஈயக் குண்டைப் பொறுக்கி எடுத்த கை இது. பல்லில் அகப்பட்டால் பல் போய்விடும் என்று ஒவ்வொரு துண்டாக அமுக்கிப் பார்த்துத்தான் கூறில் வைப்பேன். மாத்தயா வலது குழலில் சுட்டிருந்தால் குண்டு தோளிலிருந்து தொடை வரைக்கும் சிதறிக் கிடக்கும். இடது குழலில் சுட்டிருந்தால் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கும், மற்ற இறைச்சி சுத்தமாக இருக்கும். கொஞ்ச காலமாக, எந்தக் குழலில் சுட்டதாக அவர் சொன்னாலும் சிதறல்தான். அதனால் இடது குழல் கெட்டுப்போய்விட்டது என்று நான் மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால் விலை தானாக இறங்கும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கூட்டத்தில் அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர், “ஆமா ஆமா, நானும் கவனிச்சேன்” என்று உடனே தலையாட்டினார். அவர் எதைக் கவனித்தார்? தட்டில் வந்ததைத் தின்றதுதான் கவனித்தது.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அம்மா, வாயால சொன்னா சரியா? சுட்டுப் பாக்கலாம்தானே.”

நியாயமான பேச்சு. சுட்டே பார்க்கலாம் என்றேன். தேயிலைப் பெட்டியின் மூடிப் பலகை இரண்டைக் கொண்டுவந்து, பாத்திக்கு அப்பால் இருந்த மண் மேட்டில் சாய்த்து வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். மகன்தான் சுட்டார். முதலில் வலது குழல். பலகை முழுக்க ஓட்டை, அங்கொன்று இங்கொன்று. பிறகு இடது குழல், அடுத்த பலகையில். ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். ஒரு கை அகலத்தில் எல்லாக் குண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. பழைய நாளில் நான் இறைச்சியில் பார்த்த அதே கொத்து.

துவக்கில் ஒரு குறையும் இல்லை. மாத்தயாவுக்குக் கண் மங்கி, பன்றி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரியாமல், எட்டாத தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார். அவ்வளவுதான். நான் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவரே பலகையைக் கையில் வாங்கி, ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

“நான் ரெண்டு வருசமா துவக்குக்கு ஏசினது! துவக்குக்கு வயசு போகல்ல நங்கி, எனக்குத்தான்!”

அவர் சிரித்ததும் லயமே சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மகன், “அப்ப வெல கூடணும்தானே?” என்றார்.

“கூடத்தான் வேணும்” என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாரத்துத் தண்ணீரும் விறகும் இருந்தன.

இனி எண்ணிக்கையாகச் சொல்லி யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க முடியாது என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த வழியிலேயே செய்தேன். சாக்கைக் கொண்டுவந்து விரித்தேன். ஒரு பக்கம் துவக்கை வைத்தேன். எதிரே, ஆயிரம் ரூபாயை வைத்து அதன் மேல் ஒரு கல்லை வைத்தேன்.

“ரெண்டு கூறு இருக்கு. மாத்தயா, ஒங்களுக்கு எது வேணும்?”

மாத்தயா துவக்கைக் காட்டினார்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். “துவக்குதான்!” என்றார்.

இரண்டு பேரும் ஒரே பக்கம் கை காட்டினால் கூறு சரியில்லை என்று அர்த்தம். நான் சீட்டுப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த ஐந்நூறைக் கொண்டுவந்து வைத்தேன். மாத்தயா, “துவக்கு” என்றார். இவரும் “துவக்கு” என்றார். விதைக்கிழங்கு ஒரு மூட்டையை இழுத்து வந்து வைத்தேன். மாத்தயா தாடையைச் சொறிந்தார், யோசித்தார், பிறகும் துவக்கையே காட்டினார். இவர் நான் கேட்கும் முன்பே, “துவக்கு” என்றார்.

“நான் என்னத்த வச்சாலும் நீங்க துவக்குதான் சொல்லுவீங்க போலருக்கு. நானே சாக்குல போய் ஒக்காந்தா?”

“ஒக்காரு, பாப்போம்.”

“ஒக்காந்துருவேன். மாத்தயா கூட்டிக்கிட்டுப் போயிட்டார்னா, துவக்கு வந்து ஒங்களுக்குச் சோறாக்கிப் போடுமா?”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தக் கலகலப்பில் மாத்தயாவின் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் வந்ததிலிருந்தே காது அந்தப் பக்கம்தான் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாதவர் வேறு என்ன செய்வார், பாவம். அந்த ரேடியோ தீபாவளி முற்பணத்தில் வாங்கியது. தோல் உறை போட்டு, வாரோடு ஆணியில் தொங்கும். எங்கள் வரிசையில் அது ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பில் ரொட்டியைப் போட்டுக்கொண்டு அதில் பாட்டுக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது முடியாது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்.

உள்ளே போனேன். ஆணியிலிருந்து ரேடியோவை எடுத்தேன். முள்ளைத் திருப்பிச் சிங்களப் பாட்டு வரவைத்து, கொண்டுவந்து மூட்டையின் மேல் வைத்தேன்.

“ஏ புள்ள!” என்றார் என் வீட்டுக்காரர்.

“மாத்தயா, எது வேணும்?”

மாத்தயாவின் கை சட்டென்று ரேடியோவின் மேல் போய் விழுந்தது. அப்படிச் சட்டென்று போனால், கூறு அந்தப் பக்கம் கனத்துவிட்டது என்று அர்த்தம். அது எங்களுக்கு நஷ்டம். நான் விதைக்கிழங்கு மூட்டையை வெளியே இழுத்தேன். “இப்ப சொல்லுங்க.”

மாத்தயா கையை எடுத்தார். துவக்கின் பித்தளைக் கம்பியைத் தொட்டார். மறுபடியும் ரேடியோவைத் தொட்டார். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க” என்றேன். அவரும் துவக்கைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் வாயிலிருந்து துவக்கு என்ற சொல் வரவில்லை.

“இதான் வெல” என்றேன். “ஆயிரத்தி ஐந்நூறும் ரேடியோவும்.”

மகன் எழுந்து நின்றார். “ஓட்டல் முதலாளி ரெண்டாயிரத்தி ஐந்நூறு குடுக்கறது.”

“அவர் அதச் சொவத்துல மாட்டப் போறாரு தம்பி. ஓட்டல் சொவத்தப் பன்னி வந்து தோண்டுமா? துவக்கு இங்கனயே இருந்தா ஒங்க வயலுக்கும் சேத்துத்தான் வெடிக்கும். டவுனுக்குப் போயிருச்சின்னா, வர்ற போகத்துல பன்னி திங்கிற நெல்லுக்கு யாரு காசு குடுப்பா?”

“சொந்தப் புருசனுக்குக் கூறு போட்டா இப்பிடித்தான் பேசறது” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. வாசல் முழுக்கக் கேட்ட பேச்சு அது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை. நான் சாக்கை விட்டு விலகி நின்றேன்.

“சரி. அப்ப நீங்க எடுங்க தம்பி. ரெண்டு கூறுல எது வேணும்னாலும் எடுங்க. துவக்க எடுத்தா டவுனுக்கே கொண்டுபோங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இவரும் பேச மாட்டாரு.”

இவர் பேசத்தான் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார்.

மகன் சாக்கின் முன்னால் நின்றார். துவக்குப் பக்கம் குனிந்தார். தகப்பனார் முகத்தைப் பார்த்தார். மாத்தயா கண்ணை மூடி, ரேடியோவில் போய்க்கொண்டிருந்த பாட்டுக்கு விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மகன் நிமிர்ந்தார். “அப்பாட இஷ்டம்” என்று சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

துவக்கு எங்களுக்கு வந்தது. மாத்தயாவும் இவரும் கிராம சேவகரைப் பார்த்து, நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்கு அலைந்து, லைசென்ஸ் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தாள் கைக்கு வந்த நாளில் இவர் கல்யாணத்துக்குக்கூடப் போடாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துவக்கைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்தவர், “என்னண்ணே, கரும்பா?” என்று கேட்டாராம். “ஆமா, இரும்புக் கரும்பு” என்றாராம் இவர். அதையே ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் வெடி வைத்தபோது துவக்கு உதைத்த உதையில் பின்னால் போய்த் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். தோள் நீலமாக வீங்கியிருந்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றித் தேய்த்துவிட்டேன். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலங்களில் பாட்டு இல்லாத குறையை இவரே பாடித் தீர்த்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் அந்த மகன் சொன்ன சொல் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. கொழுந்து எடுக்கும்போது, கீழே அவர் வயலில் நிற்பது தெரிந்தால், நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மழை தொடங்கிய பிறகு, ஒரு காலையில் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். நனைந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“காத்துக்கு ஒரு பலா மரம் விழுந்துட்டது. எனக்கும் எங்க அக்காவுக்கும் பொது மரம். பலகைக்கு நல்ல மரம். ரெண்டு நாளா சண்டைதான். மச்சான் ஒண்ணு சொல்றது, நான் ஒண்ணு சொல்றது.”

“அதுக்கு?”

“அக்கா சொன்னாங்க, துவக்குக்கு வெல போட்ட அம்மாவக் கூட்டிட்டு வா, வேற ஆள் வேணாம்னு.”

“அக்கா சொன்னாங்க சரி. நீங்க என்னா சொன்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “நானும் அதத்தான் சொன்னது.”

உள்ளே போய், கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினேன். தலையை வாரினேன். அவசரப்படவில்லை, அவர் மழையில் கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான். வீட்டுக்காரர் துவக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தானும் வருகிறேன் என்று கிளம்பினார்.

“நீங்க வரவேணாம். துவக்கோட வந்தீங்கன்னா, பயந்துக்கிட்டு ஒத்துக்கிட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும்.”

வழுக்குப் பாதையில் இறங்கி, வயல் வரப்போடு போனேன். மரம் ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. வேர்ப்பக்கம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கிற தடிப்பு. நுனிப்பக்கம் மெலிந்தது, ஆனால் கோணல் இல்லாமல் நீளமாகப் போயிருந்தது. அக்கா ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தின் மேல் ஏறி, வேரிலிருந்து நுனி வரைக்கும் நடந்து பார்த்தேன். திரும்பி நடந்து வந்தேன். பிறகு ஒரு இடத்தில் குதிகாலை ஊன்றி நின்றுகொண்டு, மரம் அறுக்கிற வாளைக் கொண்டுவரச் சொன்னேன்.